ஆகப் பெரிய காவு பை

இந்தக் கோடைக்கு ஆற்றங்கரைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச்சொல்லிக் கடைக்காரர் கேட்டார். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறவளையும் விடுகிறார்கள் இல்லை. டேனிஷில் எழுதினால் என் பிழைகளைத் திருத்துவதிலேயே உங்கள் கோடை முடிந்துபோகும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். உங்களில் இக்காஸ்ட் நகரில் பிறந்தவர்களுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த தம்பி உரத்து வாசிக்கட்டும், மற்றவர்கள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். 'காவு பை' என்று எழுதியிருக்கும் இடத்தில் தம்பி பயப்பட வேண்டாம். எங்கள் ஊரில் காவுவது என்றால் சுமப்பது, அவ்வளவுதான்.

கனோப் படகைத் தண்ணீரில் இறக்குவது, ஏற்றுவது, கழுவுவது, லைஃப் ஜாக்கெட்டைக் காயவைப்பது எல்லாம் ஒரு கிழமைக்குள் உங்களுக்குக் கைவந்துவிடும். அதைப் பற்றி எழுதி உங்கள் உயிரை எடுக்க மாட்டேன். வருகிற ஆளுக்கு எந்த அளவுப் பையைக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். புதியவர்கள் கனோப் பயணம் என்றால் முழுக்கத் தண்ணீர் என்று நினைத்து வருவார்கள். குதனோ ஆற்றில் ஓரிடத்தில் பழைய மின்நிலையம் வழியை மறிக்கும். அங்கே கரையில் இறங்கி, கனோவையும் பைகளையும் தரைவழியே காவிக்கொண்டு போய், அணைக்கட்டுக்குக் கீழே மறுபடி தண்ணீரில் விட வேண்டும். பையின் அளவை ஆறு தீர்மானிப்பதில்லை, அந்தத் துண்டுத் தரைதான் தீர்மானிக்கிறது. முதுகின் நீளத்தைப் பார், ஆளின் உயரத்தைப் பாராதே. பை தலைக்கு மேலே எழும்பக் கூடாது. தரையிலிருந்து தானே தூக்கித் தோளில் போட முடியாத பையை யாருக்கும் கொடுக்காதே. இவையெல்லாம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. சுவரில் ஒட்டாத ஒன்றும் இருக்கிறது, அது எனக்குத் தெரியவந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. நானும் கணவரும் வைலே நகரில் இருந்தோம். அதற்கு முன் இக்காஸ்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கிழிந்த பைகளைத் தைக்க ஆள் தேடி அலைந்த கனோக் கடை முதலாளி அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய பெயரை எழுத மாட்டேன், எழுதினால் எழும்பி வந்து ஏசுவார். என்னைவிட ஓரிரு வயது கூடியவர். அவர் இக்கரையில் நின்று பேசினால் அக்கரையில் மேய்கிற மாடுகள் தலை நிமிர்த்திப் பார்க்கும். என் குரலும் சளைத்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே நன்றாக வேலை செய்தோம்.

அந்த வருடங்களை உங்கள் அப்பா அம்மா உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. இந்த நாட்டில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தமிழர்கள், இலங்கையில் விட்டுவிட்டு வந்த மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. விண்ணப்பம் போட்டார்கள், காத்திருந்தார்கள். மாதங்கள் போய் வருடங்கள் ஆகின, பதில் வரவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு மனைவியின் படம் இருக்கும், அடுக்களையில் நாலு ஆண்கள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். பிழை எங்களுடையது என்றே எல்லோரும் நம்பினோம். எங்கேயோ பெயரை மாறி எழுதிவிட்டோம், ஏதோ ஒரு பத்திரம் குறைகிறது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டோம்.

அப்படியொரு கோடையில் இக்காஸ்ட் தொழிற்சாலை ஒன்று தன் ஆட்களைக் கனோப் பயணத்துக்குக் கூட்டிவந்தது. பாதி டேனிஷ்காரர், பாதி எங்கள் ஆட்கள். காலையில் புறப்பட்டு மின்நிலையத்தைக் கடந்து போய்ப் பின்னேரம் கடையின் வான் வண்டியில் ஏறித் திரும்பும் சின்னப் பயணம். டேனிஷ்காரர்கள் பாண் ரொட்டியும் பியரும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பெரிய சட்டி நிறையப் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து, மூடியைச் சாரத் துணியால் கட்டி, அதைக் கனோவின் நடுவில் மணமகள் மாதிரி உட்காரவைத்தார்கள். குழம்பு ஆற்றில் ஊற்றுப்பட்டால் மீன்கள்கூடத் தும்மும் என்று நான் பகிடி பண்ணினேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மன்னார்க்காரர், சூசை என்று பெயர். கட்டையான, தோள் அகன்ற மனிதர். கடற்கரையில் பிறந்து தோணியில் வளர்ந்தவர். பெட்டிகளும் பைகளும் தொங்கும் கொளுக்கிகளுக்கு முன்னால் வந்து நின்று, ஆக மேலே இருந்ததைக் காட்டினார்.

"தங்கச்சி, அந்தப் பெரிசைத் தாங்கோ."

"அண்ணை, அது கிழமைக்கணக்கா ஆத்திலை கிடக்கிற ஆக்களுக்கு. நீங்கள் பின்னேரம் வீட்டை போறியள்."

"ஓம், தெரியும். எண்டாலும் அதுதான் வேணும்."

"என்ன சாமான் கொண்டு வந்தனீங்கள்? காட்டுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

அவருடைய காலடியில் ஜிப் பூட்டிய பெரிய நைலோன் பை ஒன்று இருந்தது. அதை அவர் காலால் பின்னுக்குத் தள்ளினார். "சாமான் இருக்குது" என்று மட்டும் சொன்னார். நான் நாடாவை எடுத்து அவருடைய முதுகை அளந்தேன். குட்டை முதுகு. நடுத்தரப் பையை எடுத்து நீட்டினேன். உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தார், தலையை ஆட்டித் திருப்பித் தந்தார். பிறகு நேரே முதலாளி அம்மாவிடம் போய், தெரிந்த டேனிஷ் சொற்களோடும் இரண்டு கைகளோடும் 'பெரிசு, பெரிசு' என்று காட்டினார்.

"கேட்கிறதைக் கொடுத்துவிடு" என்றார் முதலாளி அம்மா.

"அந்தப் பையை அவர் போட்டால் பைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"முதுகு அவருடையது. விருப்பமும் அவருடையது."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையின் தோள்பட்டிகளை அந்த வசந்தத்தில்தான் இரட்டை நூல் போட்டுத் தைத்திருந்தேன். எடுத்து அவருடைய கையில் திணித்தேன். அவர் கொட்டிலுக்குப் பின்னால் தனியாகப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். பை அவருடைய தலைக்கு மேலே எழும்பி நின்றது. அவருடைய கனோவில் பின்பக்கம் இருக்கப்போகிற தொழிற்சாலைப் போர்மன், ஆறடிக்கு மேலான டேனிஷ்காரர், அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

குழுக்கள் புறப்பட்டதும் வானில் மின்நிலையத்துக்குப் போய், அங்கே அவர்களை இறக்கிவிடுவது என் வேலை. அந்த இடத்தில் மரத்தாலான இறங்குதுறை ஒன்று இருந்தது. தண்ணீர் பார்வைக்கு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் துறைக்குச் சற்றுத் தள்ளி ஓட்டம் பக்கவாட்டில் திரும்பி, மின்நிலையத்தின் இரும்புக் கம்பி அடைப்பை நோக்கி இழுக்கும். அங்கே இலையும் தடியும் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மனிதன் போய் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே கூடாது.

புட்டுச் சட்டி முதலில் பத்திரமாகக் கரையேறியது. கடைசியாக வந்தது சூசை அண்ணையின் கனோ. நான் துறையில் குனிந்து கயிற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அந்த மனிதர் கனோவுக்குள்ளேயே பையை முதுகில் மாட்டிக்கொண்டு எழும்புகிறார். பை பொருந்தவில்லை என்று லைஃப் ஜாக்கெட்டையும் கழற்றிப் போட்டிருந்தார்.

"அண்ணை, இருங்கோ! பையைக் கழட்டுங்கோ!" என்று கத்தினேன். போர்மனும் பின்னாலிருந்து கத்தினார். சூசை அண்ணை ஒரு காலைத் துறையில் வைத்தார். கனோ அசைந்தது. முதுகில் ஏறியிருந்த பாரம் அவரைப் பின்னுக்கு இழுத்தது. வாயைத் திறந்து என்னைப் பார்த்தபடியே மல்லாக்கத் தண்ணீருக்குள் போனார்.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. நெஞ்சுவரை குளிர் வந்ததுதான் நினைவிருக்கிறது. கடலில் பிறந்தவர், நீந்தி எழும்பிவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் எழும்பவில்லை. பை தண்ணீரைக் குடித்துக் கனத்து அவரைக் கீழே வைத்திருந்தது. முகம் ஒருமுறை மேலே வரும், பிறகு மறைந்துபோகும். ஓட்டம் ஆளையும் பையையும் சேர்த்துக் கம்பி அடைப்புப் பக்கம் மெதுவாக இழுத்தது. நான் ஒரு கையால் துறையின் மரக்காலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அவருடைய இடுப்புக்கு விட்டுப் பூட்டைத் தேடினேன். இந்தப் பைகளின் பூட்டு ஒரு விரலால் அமத்தினாலே திறந்துவிடும், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பூட்டுக்கு மேலால் கயிறு. நைலோன் கயிற்றால் பையைத் தன் உடம்போடு சுற்றிச் சுற்றி, கடற்காரன் வலையைத் தோணியோடு கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். ஈரத்தில் அது கல்லாகிவிட்டது. நகத்தால் நெம்பினேன், அசையவில்லை.

என் கழுத்தில் நூல் வெட்டுகிற கத்தரிக்கோல் கயிற்றில் தொங்கியது, தொழிற்சாலைப் பழக்கம். அதை இழுத்தெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய முகம் மேலே வந்தது. கத்தரிக்கோலைக் கண்டார்.

"வெட்டாதை! பிள்ளை, வெட்டாதை! என்ரை பிள்ளையின்ரை சாமான்!"

மூச்சு வாங்குவதற்குக் கிடைத்த நேரத்தை அந்த மனிதர் இதைச் சொல்லப் பாவித்தார். என் கை நின்றது. கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் நின்றது. உங்களுக்கும் ஒருநாள் இது வரும் பிள்ளைகளே. ஆள் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பார், நீங்கள் மற்றதைச் செய்ய வேண்டியிருக்கும். பிறகு அவர் உங்களை மன்னிப்பாரா என்று அந்த நேரத்தில் பார்க்க முடியாது. நான் முதலில் கயிற்றை வெட்டினேன், பிறகு தோள்பட்டியை. இரட்டை நூல், என் கையால் போட்டது, இலேசில் விடவில்லை. என்னையே திட்டிக்கொண்டு வெட்டினேன். இரண்டாவது பட்டி அறுந்ததும் பை அவரை விட்டு உருண்டு போனது.

அவர் மேலே வந்து காற்றை இழுத்தார். இழுத்த கையோடு பையின் பின்னால் நீந்தப் பார்த்தார். நான் தலைமயிரில் பிடித்தேன். என் கையை அடித்துத் தள்ளினார். போர்மன் துறையில் குப்புறப் படுத்து அவருடைய மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக இழுத்துப் பலகையில் போட்டோம். பை போய்க் கம்பி அடைப்பில் மோதிப் பாதி அமிழ்ந்து நின்றது.

"ஏன் வெட்டினனி? என்னை விட்டிருக்கலாமே" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் என்னைத் துளைத்தது. என் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

மின்நிலையத்தில் வேலை செய்கிறவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, இலை வாருகிற நீளமான இரும்பு வாரியால் பையைக் கொளுவி மேலே எடுத்துத் தந்தார். அதை வானுக்குப் பக்கத்துப் புல்லில் வைத்தபோது தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடியது. யாரோ தொலைபேசியில் சொல்லி முதலாளி அம்மாவும் வந்து சேர்ந்தார். சூசை அண்ணையால் குளிரில் விறைத்த விரல்களோடு பையின் வாயை அவிழ்க்க முடியவில்லை. "தங்கச்சி, நீங்கள் எடுங்கோ. காயப்போட வேணும்" என்றார்.

நான் எடுத்தேன். முதலில் ஒரு பெண்களின் பனிக்காலக் கோட்டு வந்தது. கம்பளிக் கோட்டு, விலைத்துண்டு இன்னும் தொங்குகிறது. நல்ல வெயிற் காலத்தில், ஒருநாள் ஆற்றுப் பயணத்துக்குப் பனிக்கோட்டு! அது குடித்த தண்ணீர்தான் அவரைக் கீழே வைத்திருந்தது. பிறகு ஒரு பொம்மை, ஒரு சோடிச் சின்னச் சப்பாத்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய கல்யாணப் படம். அதன் பிறகு முழுக்கச் சட்டைகள், பெண்பிள்ளைச் சட்டைகள். கவிழ்த்து வைத்த கனோக்களின் மேல் ஒவ்வொன்றாக விரித்தேன். இந்த நாட்டில் பிள்ளைகளின் சட்டைக் கழுத்தில் உயரத்தையும் வயதையும் போட்டிருப்பார்கள். விரித்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரே பிள்ளை, வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டு வருகிறது.

முதலாளி அம்மா ஒரு முனையில் இருந்த சின்ன மஞ்சள் சட்டையைத் தொட்டார். மற்ற முனைக்கு நடந்து போய் ஆகப் பெரிய சிவப்புச் சட்டையைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஒருத்திதான்" என்று சூசை அண்ணையிடம் கேட்டுச் சொன்னேன். "வரப்போகிறாள் என்று பிறந்தநாளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் வாங்கி வைக்கிறார். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை."

அந்த உரத்த மனுசி கையில் இருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டு எடுக்காமல் நின்றார். போர்மன் தொப்பியைக் கழற்றினார். காலையில் சிரித்த மனிதர் அவர். "ஒருநாள் பயணத்துக்கு ஏன் இதையெல்லாம் கொண்டுவந்தாய்? அறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டார். நான் தமிழில் திருப்பிக் கேட்டேன்.

சூசை அண்ணை புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊரிலை ஒருநாள் காலமை கடல் தொழிலுக்குப் போனனான். மகள் வீட்டுப் படலையிலை நிண்டவ. பின்னேரம் வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். அண்டைக்குப் பின்னேரம் கரைக்கு வர விடேல்லை. ஆமி கரையெல்லாம் நிண்டது, ஊர் எரிஞ்சது. அப்பிடியே அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்குப் போய், அங்கையிருந்து இஞ்சை வந்திட்டன். அவையள் உயிரோடை இருக்கினம் எண்டு பிறகுதான் அறிஞ்சன். நான் பின்னேரம் எண்டு நம்பி ஒண்டையும் விட்டிட்டுப் போறேல்லை தங்கச்சி."

இதை டேனிஷில் சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. இருந்ததை வைத்துச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. ஏனென்றால் அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோருடைய பைக்குள்ளும் பாஸ்போர்ட்டும் நகையும் படமும் இருந்தன என்பது எனக்குத் தெரியும். என் கைப்பைக்குள்ளும் இருந்தன. டேனிஷ்காரர் பயணத்துக்கு எது தேவை என்று பார்த்து அடுக்குகிறார்கள். நாங்கள் திரும்பி வராவிட்டால் எது தேவை என்று பார்த்து அடுக்குகிறோம். ஆற்றுக்குப் போகிறவனும் அப்படித்தான், கடைக்குப் போகிறவனும் அப்படித்தான். இத்தனை வருடம் நானே செய்துகொண்டு இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

முதலாளி அம்மா கடைசியில் சாவியைப் பொறுக்கினார். "நாம் கேட்டது பிழை" என்றார். "எதைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டோம். எதை விட்டுவிட்டுப் போகப் பயம் என்று கேட்டிருக்க வேண்டும்." மறுநாளே கடையில் ஒரு இரும்பு அலுமாரி வந்தது. விட்டுப் போகப் பயப்படுகிறதை அதில் பூட்டிவிட்டுப் போகலாம், சாவி வாடிக்கையாளரின் கழுத்தில். நீங்கள் அந்தத் துருப்பிடித்த அலுமாரியைப் பார்த்துவிட்டு இது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று புறுபுறுப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குத்தான்.

சட்டைகள் காய்ந்த கதையையும் சொல்ல வேண்டும். சிவப்புச் சட்டையின் சாயம் பைக்குள்ளேயே கரைந்து மஞ்சள் சட்டையின் கழுத்தில் இறங்கியிருந்தது. உள்ளங்கை அளவுக்கு ரோசா நிறக் கறை. நான் கசக்கிப் பார்த்தேன், போகவில்லை.

"இதை விடுங்கோ அண்ணை" என்றேன். "இது நாலு வயசுப் பிள்ளையின்ரை அளவு. மகள் வரேக்கை எங்கை இதைப் போடப்போறா? கனோ துடைக்கவெண்டாலும் உதவும்."

முதலாளி அம்மாவும் ஒத்துப் பாடினார். பிள்ளைகள் கண்மூடித் திறக்கமுன் வளர்ந்துவிடுவார்கள், இனி வாங்குவதானால் இரண்டு அளவு கூட்டியே வாங்கு என்றார். சூசை அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் மஞ்சள் சட்டையை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, அடியில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதன் மேல் அடுக்கினார்.

பிறகு நாட்டில் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பத்திரத்தில் பிழை இல்லையாம். எங்களுடையது என்று தெரிந்தே விண்ணப்பங்களை மேலிடத்தில் கிடப்பில் போட்டிருந்தார்களாம். தொலைக்காட்சியில்தான் நானும் கணவரும் அதைக் கேட்டோம். கோபம் பிறகுதான் வந்தது, முதலில் நம்ப முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்ட அத்தனை ஆண்களின் முகமும் கண்ணுக்குள் வந்தது. அந்த விஷயத்தில் பிறகு ஒரு அரசாங்கமே விழுந்தது, அதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

கிடப்பில் இருந்தவை அசையத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் உள்ளே லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு சின்னப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். ஆக இளைய பிள்ளைகளுக்கான ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஆரின்ரை பிள்ளை இது? தனியத் தண்ணிப் பக்கம் விடாதையுங்கோ, நாலு வயசுப் பிள்ளையை" என்றேன்.

காருக்கு அப்பாலிருந்து சூசை அண்ணை வந்தார். கூட ஒரு பெண், அந்தக் கம்பளிக் கோட்டைக் கோடை வெயிலிலும் போட்டுக்கொண்டு.

"தங்கச்சி, இவதான் மகள். ஜெசிந்தா" என்றார். "எட்டு வயசு."

பிள்ளை திரும்பினாள். மஞ்சள் சட்டை. கழுத்தில் உள்ளங்கை அளவு ரோசாக் கறை.

தோள் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது, முழங்காலுக்குக் கீழே ஒரு விரற்கடை கூட இருந்தது. துடைக்கிற துணிக்கு நான் கேட்ட சட்டை. அவர் வருடா வருடம் வாங்கியதில் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தியது அது ஒன்றுதான். தாயைப் பார்த்தேன். அவர் சொன்னார், "காட்டுக்கும் கோயிலுக்குமா ஓடித் திரிஞ்சனாங்கள் அக்கா. பிள்ளை வளரேல்லை." பக்கத்தில் வந்த முதலாளி அம்மாவுக்கு ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கறையைக் கண்டுவிட்டார். திரும்பிக் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

சூசை அண்ணை மகளுக்கு ஆற்றைக் காட்டத்தான் வந்திருந்தார். பொருட்களை வைக்க அலுமாரிச் சாவியை நீட்டினேன். அவர் வாங்கிக் கழுத்தில் மாட்டினார். எனக்குப் பை வேண்டாம், பிள்ளைக்கு ஒரு சின்னப் பை தாருங்கள் என்றார். நான் ஆகச் சின்னதைக் கழற்றி ஜெசிந்தாவிடம் குனிந்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து, ஆக மேலே தொங்கிய பெரிய பையைக் கையால் காட்டினாள். பட்டிகளை நான் புதிதாகத் தைத்துப் போட்டிருந்த அதே பை.

"அது உனக்கு வேண்டாம் அம்மா" என்று தகப்பன் சிரித்துக்கொண்டு சொன்னார். "சின்னது காணும். பின்னேரம் திரும்பி வந்திடுவம்."

பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை.

"அண்டைக்கும் பின்னேரம் வருவன் எண்டுதானே அப்பா சொன்னனீங்கள்."

சூசை அண்ணை நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். தாய் முகத்தைக் கோட்டுக் கையால் மூடினார். முதுகின் நீளம், தலைக்கு மேலே எழும்பக் கூடாது, தானே தூக்க வேண்டும், எல்லா விதியும் சுவரில் இருந்தது. நான் ஏணியைப் போட்டு ஏறி அந்தப் பெரிய பையைக் கழற்றி அவளின் காலடியில் வைத்தேன். பொம்மை, தாயின் கைப்பை, தகப்பனின் செருப்பு, அலுமாரிக்குள் போக இருந்த எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மின்நிலையத்தில் நான் துறையில் நின்றேன். பையைக் கனோவிலிருந்து நானே எடுத்து என் முதுகில் போட்டேன், இடுப்புப் பூட்டைப் பூட்டவில்லை. தரைவழியில் நான் முன்னே காவிக்கொண்டு நடந்தேன். ஜெசிந்தா பின்னால் பையில் ஒரு கையை வைத்தபடி நடந்து வந்தாள். கீழ்த்துறையில் அவர்களை மறுபடி தண்ணீரில் விட்டேன். முதலாளி அம்மா பின்னேரம் அவர்களை வானில் ஏற்றிவரப் போனார்.

பிள்ளைகளே, முதுகை அளக்க நாடாவை எடுக்கமுன் ஆளிடம் எதை விட்டுவிட்டுப் போகப் பயம் என்று கேளுங்கள். உங்களிடம் இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் டேனிஷ்காரர் மாதிரிப் பை அடுக்க மாட்டார்கள். பெரிய பையைக் கேட்டால் சிரிக்காதீர்கள். அதைக் கொடுக்கக் கூடாது என்றால் கூடாதுதான், ஆனால் ஏன் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு மறுத்துவிடுங்கள். தெரிந்த பிறகும் கொடுக்க வேண்டி வந்தால் நீங்கள் காவுங்கள்.

அன்றைக்கு வெயில் சாய வான் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஜெசிந்தாதான் முதலில் குதித்தாள். கடை வாசலைப் பார்த்தாள், கொளுக்கிகளைப் பார்த்தாள், தங்கள் கார் நிற்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தன. மஞ்சள் சட்டை முழுக்கச் சேறு. ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். ஆச்சரியத்தில் அவளுடைய கண்கள் விரிந்திருந்தன.

"அன்ரி" என்றாள், "நாங்கள் திரும்பி வந்திட்டம்."